கதிர்வீச்சு பட்ட ஆள் வாசலில் வந்து நின்றால்: சிஸ்டரிடம் சில கேள்விகள்

வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ் வேலை. கதிர்வீச்சு விபத்தில் சிக்கியவர்களைக் கவனிப்பது பற்றி வெளிநாட்டில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய் வந்தேன். அன்றிலிருந்து டீக்கடையில் நின்றால்கூடக் கேள்விதான். சிலவற்றுக்கு இங்கே பதில்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு நர்ஸ்: அந்த மாதிரி ஆளைத் தொட்டால் நமக்கும் வந்துவிடுமா சிஸ்டர்? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

கதிர் பட்டவர் வேறு, கதிரியக்கத் தூசி ஒட்டியவர் வேறு. எக்ஸ்ரே எடுத்துவிட்டு வருபவரைத் தொடப் பயப்படுகிறோமா? முதல் ஆள் அப்படித்தான். இரண்டாம் ஆள், சேற்றில் விழுந்து வந்தவர் மாதிரி. சேறு நம் மேல் ஒட்டாமலும் நம் வாய்க்குள் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கவுன், மாஸ்க், இரண்டு ஜோடி கையுறை போதும். மேல்துணியைக் கழற்றினாலே தூசியில் பெரும்பகுதி போய்விடும்.

அந்தத் துணி வெட்டுவதை மட்டும் அரை நாள் பழகினோம். கழுத்திலிருந்து கால்வரை நடுவில் வெட்டி, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி பாயைப் போலச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். உதறவே கூடாது. நோயாளியாக நடித்தவரின் சட்டையில், புற ஊதா விளக்கில் மட்டும் மினுங்குகிற பொடியைத் தூவியிருந்தார்கள். நான் பிரமாதமாக முடித்துவிட்டதாக நினைத்தேன். விளக்கைப் போட்டால் என் மூக்குக்கண்ணாடிக் காம்பில் பொட்டுப் பொட்டாகப் பச்சை! வேலைக்கு நடுவே கண்ணாடி நழுவியிருக்கிறது, என்னை அறியாமல் தள்ளிவிட்டிருக்கிறேன்.

ஒன்றை மறக்காதீர்கள். ரத்தம் கொட்டினால் முதலில் அதை நிறுத்துங்கள், மூச்சு திணறினால் அதைப் பாருங்கள். மீட்டர் வைத்துக் கதிர்வீச்சை அளப்பதெல்லாம் அப்புறம். வேலை முடிந்ததும் நம்மையும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். குளித்துவிட்டுப் போய்க் குழந்தையைத் தாராளமாகத் தூக்குங்கள்.

எண்ணூரிலிருந்து ஒரு இல்லத்தரசி: என் வீட்டுக்காரர் பைப்லைன் வெல்டர். ராத்திரியில் வெல்டிங்கைப் படம் எடுக்கிறார்கள், பக்கத்திலேயே இருந்தேன் என்கிறார். அவர் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டுமா?

வேண்டாம்மா. வெல்டிங்குக்கு எக்ஸ்ரே மாதிரிப் படம் எடுக்கிற அந்தக் கேமராவில் பெரும்பாலும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். உலோக உறைக்குள் அடைத்த சின்னத் துண்டு. டார்ச்சை அணைத்தால் வெளிச்சம் சட்டையில் தங்குமா? அதே கதைதான். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்றாரா என்று மட்டும் கேளுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். அந்தத் துண்டு கழன்று கீழே விழுந்தால் ஏதோ இரும்புச் சாமான் போலத்தான் தெரியும். 1999-இல் பெரு நாட்டில் யனாங்கோ என்ற இடத்தில் ஒரு வெல்டர் அதை எடுத்துப் பேண்ட் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம்தான். கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. வேலைத்தளத்தில் பளபளவென்று எது கிடந்தாலும் தொட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

கொருக்குப்பேட்டை பழைய இரும்புக்கடைக்காரர்: எங்களிடம் அந்த மாதிரிச் சரக்கு வந்தால் எப்படித் தெரியும்?

அண்ணே, நல்ல கேள்வி. 2010-இல் டெல்லி மாயாபுரியில் உங்களைப் போன்ற கடைகளில்தான் நடந்தது. பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவிக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. பிரித்துவிட்டார்கள், ஒருவர் உயிர் போனது. 1987-இல் பிரேசிலின் கோயானியாவிலும் பழைய இரும்புதான் காரணம். அங்கே சீசியம் என்ற கதிரியக்கப் பொடி இருட்டில் நீலமாக மின்னியதால் அதிசயம் என்று வீட்டுக்கு வீடு கொண்டுபோனார்கள். 4 பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களை முதலில் பார்த்த டாக்டர்கள் ஏதோ வெப்பமண்டல நோய் என்றே நினைத்தார்கள்.

அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப்பெட்டி, மூன்று இதழ் விசிறி மாதிரிக் குறி, இவை கண்ணில் பட்டால் கட்டர் வைக்காதீர்கள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு 112-க்கு அடியுங்கள்.

காசிமேட்டிலிருந்து: கல்பாக்கம் இருக்கிறதே, அயோடின் மாத்திரை வாங்கி வைக்கட்டுமா?

வேண்டாம். அது தைராய்டைக் கதிரியக்க அயோடினிலிருந்து மட்டும்தான் காக்கும். கோபால்ட்டுக்கோ சீசியத்துக்கோ உதவாது, அரசு சொல்லும்போது மட்டும் சாப்பிட வேண்டியது. 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துச் சமயம் பிலிப்பைன்ஸில், அயோடின் இருக்கிறதே என்று கழுத்தில் பெட்டாடின் தடவச் சொல்லி வதந்தி பரவியது. தோல் கறையானதுதான் மிச்சம்!

ராயபுரத்திலிருந்து ஒரு இளம் டாக்டர்: இந்தப் பயிற்சிக்கு எப்படிப் போவது? என்னதான் புதிதாகச் சொல்லித்தருகிறார்கள்?

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ரியாக்ட்ஸ் என்ற மையம் 1976-லிருந்து இருக்கிறது, பல நாட்டு டாக்டர்களும் நர்ஸ்களும் வருவார்கள். சர்வதேச அணுசக்தி முகமை நடத்தும் பயிற்சிக்கு நம் பெயர் அரசு வழியாகத்தான் போக வேண்டும், துறையில் கேளுங்கள்.

புதிது என்றால், கேள்வி கேட்கும் முறை. வாந்தி எப்போது ஆரம்பித்தது? கதிர் பட்டு ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 4 கிரேக்கு (உடம்பு வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் வாங்கியிருக்கலாம். 2 மணி நேரம் தாண்டி என்றால் அநேகமாக 2-க்குக் கீழே. பயத்திலும் வாந்தி வரும், அதனால் ரத்தத்தில் உள்ள லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கையைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நம்மிடம் உள்ள சாதாரண ரத்தப் பரிசோதனைதான் சார். "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்கத் தோன்ற வேண்டும், அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

வியாசர்பாடி நர்சிங் மாணவி: இங்கிலீஷ் சரளமாக வராது, போகலாமா அக்கா?

எனக்கும் வராது. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தால் கிளம்பு.

ஒரு வார்டு பணியாளர்: கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடலாமா மேடம்?

முடிந்தால் டப்பில் பிடித்து, எழுதி ஒட்டி ஓரமாக வையுங்கள். ஆனால் டப் தேடிக்கொண்டு நோயாளியைக் காக்க வைக்காதீர்கள். அந்த நேரத்தில் சாக்கடையில் போனால் போகட்டும், போன விஷயத்தை மட்டும் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.