கேளுங்க அக்கா: கடைசிப் பாகத்தில கல்யாணம் ஏன் நாலே பக்கம்?

கே: அக்கா, டொரோன்டோவில இருக்கிற மகள் அனுப்பின பார்சலுக்குள்ள சொக்லேட்டோட சேர்ந்து மூண்டு இங்கிலீஷ் நாவலும் கிடந்தது, அமெரிக்காவில குதிரைவண்டியில போய்வாற ஆமிஷ் எண்ட கிறிஸ்தவச் சபை ஆக்களைப் பற்றின காதல் கதை. முதல் ரெண்டையும் நித்திரை முழிச்சு வாசிச்சன். மூண்டாவது, அதுதான் கடைசிப் பாகம், சரியான ஏமாற்றம். அந்தப் பிள்ளை கார் வச்சிருக்கிற வெளிப் பொடியனையும் விட்டுட்டு, ஊர்ப் பொடியனையும் காக்க வச்சிட்டு, முக்காவாசிப் புத்தகம் ஞானஸ்நானம் எடுப்பமா விடுவமா எண்டே யோசிச்சுக்கொண்டு இருக்கிறா. கல்யாணம் கடைசியா நாலு பக்கம். எழுதினவவுக்குக் கதை முடிக்கத் தெரியாதா?
- வாசகி, உப்புவெளி

ப: அம்மா, உங்கட கோவம் விளங்குது, ஆனா அந்த நாலு பக்கத்துக்காக நான் எழுதினவவோட சண்டைக்குப் போகமாட்டன். நாங்க ரெண்டு பாகமா யாரைக் கட்டப்போறா, யாரைக் கட்டப்போறா எண்டு பார்த்துக்கொண்டே வாறம், அந்தப் பிள்ளைக்கு அதுக்கு முந்தி ஒரு கேள்வி கிடக்கு. ஆமிஷ் சபையில குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, வளர்ந்து புத்தி தெரிஞ்ச பிறகு தானாக் கேட்டுத்தான் எடுக்கோணும். இவங்கட முன்னோர் ஐரோப்பாவில அடிபட்டதே இந்த விசயத்துக்குத்தான், 1527ல சூரிச்சில பெலிக்ஸ் மான்ஸ் எண்டவரை இதுக்காக ஆத்தில அமுக்கிக் கொன்டாங்க. பிறகு 1693ல யாக்கோப் அம்மான் எண்டவர் இன்னும் கண்டிப்பு வேணும் எண்டு பிரிஞ்சு போனார், அவர்ட பேரில இருந்துதான் ஆமிஷ். அவர் பிடிச்ச பிடியில முக்கியமானது என்ன தெரியுமா, சபையை விட்டு விலக்கின ஆளோட ஒரே மேசையில இருந்து சாப்பிடக்கூடாது எண்டது.

இப்ப உங்கட நாவலுக்கு வாங்க. ஆமிஷ் சபையில கல்யாணம் கட்டுறதெண்டா மாப்பிள்ளை பொம்பிளை ரெண்டு பேரும் முதல்ல ஞானஸ்நானம் எடுத்திருக்கோணும். எடுக்காம வெளிய போன பிள்ளையில தாய்தகப்பனுக்குக் கவலை இருக்கும், ஆனா விலக்கல் இல்ல, எப்பவும் வந்து சோறு தின்னலாம். எடுத்துட்டுப் போனாத்தான் வினை. தகப்பன் மகளின்ட கையால ஒண்டும் வாங்கமாட்டார், அவவுக்குத் தனி மேசை. அப்ப அந்தப் பிள்ளை முக்காவாசிப் புத்தகம் யோசிக்காம என்ன செய்யும் சொல்லுங்க? ஒருக்கா முழங்கால்ல நிண்டு வாக்குக் குடுத்தா, பிறகு மனம் மாறினா, பறிபோறது பொடியன் மட்டுமில்ல, அம்மாட குசினியும்தான். நீங்க கல்யாண வீட்டைத் தேடிக்கொண்டு பக்கத்தைத் தட்டிக்கொண்டு போயிட்டீங்க, கிளைமாக்ஸ் அதுக்கு முந்தியே அவ முழங்கால்ல நிக்கிற இடத்தில முடிஞ்சிட்டுது. அந்த இடத்தைத் திரும்ப ஒருக்கா வாசிச்சுப் பாருங்க.

இந்த மாதிரி நாவல் பெருகினதே 1997ல பெவர்லி லூயிஸ் எழுதின 'த ஷன்னிங்' வந்த பிறகுதான், அந்தத் தலைப்புக்கே விலக்கிவைக்கிறது எண்டுதான் அர்த்தம். அதுவும் மூண்டு பாகத் தொடர்.

எனக்கு இருக்கிற மனக்குறை வேற. இந்தக் கதையளை எழுதுறவங்க அனேகமா ஆமிஷ் ஆக்கள் இல்ல, வெளிய இருக்கிற கிறிஸ்தவப் பெண்கள், அதால கடைசிப் பாகம் வரேக்க கைய நடுங்கவிட்டுடுறாங்க. ரெண்டு பாகமா நல்லவனா இருந்த வெளிப் பொடியன் திடீரெண்டு பொய்காரனாகிறான், இல்லாட்டி அவனே குதிரைவண்டி ஓட்டப் பழகி வந்து நிக்கிறான். அவன் நல்லவனாவே இருந்து, அவவும் அழுதுகொண்டே அவனை விட்டிருந்தா அது கதை. உங்கட புத்தகத்தில அவன் கடைசிவரைக்கும் நல்லவன்தானா? எழுதி அனுப்புங்க.

கே: ஆமிஷ் ஆக்கள் பென்சில்வேனியா டச் பேசுறாங்க எண்டு போட்டிருக்கு, அப்ப இவங்க நம்ம திருகோணமலைக் கோட்டையில இருந்த ஒல்லாந்தர்ட சொந்தமா?
- வாசகர், ஆலங்கேணி

ப: இல்லத் தம்பி, அது ஜெர்மன் வகைப் பேச்சு, முந்தி இங்கிலீஷ்காரன் ஜெர்மன் ஆக்களையும் டச் எண்டுதான் சொன்னவன். ஆனா ஒரு தொடுப்பு இருக்கு. ஞானஸ்நானத்துக்கு முந்தி இளசுகள் படிக்கிற 18 விதியும் 1632ல ஒல்லாந்தில டோர்ட்ரெக்ட் எண்ட ஊர்ல எழுதினது. ஏழு வருசத்துக்குப் பிறகு, 1639ல, வேற ஒல்லாந்தர் கப்பல்ல வந்து போத்துக்கேயரிட்ட இருந்து நம்ம கோட்டையைப் பிடிச்சாங்க. ஆமிஷ் ஆக்கள் துவக்கை மனுசருக்கு நேர நீட்டமாட்டாங்க, பட்டாளத்துக்கும் போகமாட்டாங்க, அதால கோணேசர் கோயிலுக்குப் போகேக்க அந்தக் கோட்டை வாசலைப் பார்த்து இவங்களை நினைக்க வேண்டாம்.

கே: அங்க லவ் மரியேஜா, பேசிச் செய்றதா அக்கா?
- பெயர் வேண்டாம், நிலாவெளி

ப: லவ்தான். ஞாயிறு பின்னேரம் இளசுகள் ஒரு வீட்டில கூடிப் பாட்டுப் படிப்பாங்க, முடிய பொடியன் தன்ட வண்டியில பெட்டையை வீட்ட கொண்டுபோய் விடுவான், ஊருக்குச் சொல்லவும் மாட்டாங்க. புரோக்கர் மாதிரி ஒருத்தரும் இருக்கிறார், ஷ்டெக்லிமான் எண்டு பேர், ஆனா ரெண்டு பேரும் முடிவெடுத்த பிறகுதான் அவர் பெட்டை வீட்டுக்குப் போய்க் கதைப்பார். பென்சில்வேனியாவில லங்காஸ்டர் பக்கம் கல்யாணம் அறுவடை முடிஞ்சு, அனேகமா நவம்பர்ல, செவ்வாய் இல்லாட்டி வியாழன். மோதிரம் இல்ல, பொம்பிளைக்கு அனேகமா நீலச் சட்டை. விருந்துக்கு செலரி குவியலா வேணும், அதால ஒரு வீட்டுத் தோட்டத்தில அந்த வருசம் செலரி கூடப் போட்டிருந்தா அயலுக்கு விசயம் விளங்கிடும். ரகசியம் காக்கிற லட்சணம் அங்கயும் இஞ்ச மாதிரித்தான்.