கான்ட்ராக்டில் 60,000, பெர்மனென்டில் 52,000: போகலாமா?

கேள்வி: சொந்த ஊர் காவேரிப்பட்டணம். ஓசூரில் தங்கி, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஏஜென்சி மூலம் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். இரண்டரை வருடமாகக் கான்ட்ராக்ட்தான், கையில் 60,000. வேலை பிடித்திருக்கிறது, நிம்மதிதான் இல்லை. சின்ன கம்பெனி ஒன்றில் 52,000-க்குப் பெர்மனென்ட் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா?

பதில்: வேலை பிடிப்பதும் நிம்மதி இல்லாமல் போவதும் தனித்தனிக் கணக்கு. உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே இதைப் பிரித்துச் சொன்னார். செய்யும் வேலையும் அதற்கான அங்கீகாரமும் மனநிறைவு தரும். சம்பளம், பணிப் பாதுகாப்பு போன்றவை குறைந்தால் மனக்குறை வரும். ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே நிறைவு வந்துவிடாது.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் கான்ட்ராக்ட் பிள்ளைகள் சம்பளத்தைவிட மற்ற விஷயங்களைத்தான் அதிகம் சொல்கிறார்கள். ஐ.டி. கார்டின் பட்டை மட்டும் வேறு நிறம். ஒரே டீம், ஒரே டெட்லைன், ஆனால் அப்ரைசல் மீட்டிங்கில் இடமில்லை. ரின்யூவல் மாதம் வந்துவிட்டால் தூக்கம் போய்விடும். உங்கள் மனக்குறையும் இதுவென்றால், பெர்மனென்ட் ஆவதில் பெரும்பகுதி தீரும். முழுதும் தீராது, ப்ராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்கும்வரை வேலையில்லாமல் பென்ச்சில் உட்காரும் பயம் அங்கேயும் உண்டு. அதனால் என்ன ப்ராஜெக்ட், டெஸ்டிங்கை மென்பொருளாலேயே செய்யும் ஆட்டோமேஷன் கற்க வழியுண்டா என்று முதலில் கேளுங்கள். இப்போது பிடித்திருக்கும் வேலையை இழந்து வெறும் பெர்மனென்ட் பட்டம் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அடுத்தது பணம். 52,000 கையில் வருவதா, சி.டி.சி.யா (கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவா)? கையில் வருவது என்றால் 8,000 இடைவெளி அவ்வளவு பெரிதல்ல. அடிப்படைச் சம்பளம் 26,000 என்று வைத்தால், கம்பெனி அதில் 12% பி.எஃப். போட்டால் மாதம் 3,120. வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) வருடத்துக்கு 15,000 சேரும். ஆனால் பெர்மனென்ட் வேலையில் அதைப் பெற ஐந்து வருடப் பணி முடிந்திருக்க வேண்டும். சி.டி.சி. என்றால் இவையெல்லாம் 52,000-க்குள்ளேயே அடக்கம், கையில் இன்னும் குறையும். அப்படியானால் பேரம் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பா அம்மாவுக்கும் மருத்துவக் காப்பீடு உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ராஜினாமாவுக்கு முன் ஏஜென்சி கொடுத்த நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். 'ஃபிக்ஸட் டேர்ம்' (குறிப்பிட்ட காலத்துக்கான வேலை) என்று இருந்தால், 21.11.2025-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டப்படி கிராஜுவிட்டிக்கு ஒரு வருடப் பணியே போதும். எழுத்தில் கேளுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் இரண்டரை வருடமும் மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய யு.ஏ.என். எண்ணையே (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) புதிய இடத்திலும் கொடுங்கள்.