டிராக்டர் கேள்வி-பதில்: டீசல் வண்டியில் வேக்குவம் கேஜ் எதைக் காட்டும்?

மேட்டூர் திறக்கப் போகிறது என்றதும் கொட்டகையில் கிடந்த பழைய வண்டிகளின் ஞாபகம் எல்லோருக்கும் வந்துவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இன்ஜின் இழுக்கும் காற்றைப் பற்றித்தான். அந்தக் காற்று உள்ளே போகும் குழாய்தான் இன்டேக் மேனிபோல்டு; அங்கே உள்ள இழுவையை அளக்கும் மானி வேக்குவம் கேஜ்.

வேக்குவம் கேஜ் வாங்கி என் 35 எச்.பி. டீசல் வண்டியின் இன்டேக் மேனிபோல்டில் மாட்டினேன். முள் அசையவே இல்லை. இன்ஜின் போய்விட்டதா? – மன்னார்குடி வாசகர்

இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை. பெட்ரோல் இன்ஜினில் கார்ப்பரேட்டரின் த்ராட்டில் தட்டு காற்றை மறிக்கிறது. அதனால்தான் மேனிபோல்டில் 18, 20 அங்குலப் பாதரச அளவுக்கு வேக்குவம் பிறக்கிறது. சாதாரண டீசல் டிராக்டரில் அந்தத் தட்டே கிடையாது. ஆக்சிலரேட்டர் டீசலைத்தான் கூட்டிக் குறைக்கும். காற்று எப்போதும் முழுசாக உள்ளே போகும். ஏர் கிளீனர் அடைத்துப்போன வண்டியில்கூட சுமார் 25 அங்குலத் தண்ணீர் அளவுதான் இழுவை இருக்கும். பாதரசக் கணக்கில் அது 2 அங்குலத்துக்கும் குறைவு. 30 அங்குலப் பாதரசம் வரை காட்டும் கேஜில் அதைப் படிக்க முடியாது.

தாத்தா காலத்து பெட்ரோல் பர்கூசன் டிஇ20. ஐட்லிங்கில் முள் 18-ல் நிற்கிறது. ஆனால் ஒரே தாளத்தில் மூன்று நான்கு அங்குலம் விழுந்து விழுந்து எழுகிறது. – மயிலாடுதுறை வாசகர்

கேட்க வேண்டிய விதத்தில் கேட்டிருக்கிறீர்கள். தாளம் தவறாமல் விழுந்தால் ஒரு சிலிண்டரில் ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. எப்போதாவது மட்டும் வெட்டினால் வால்வு அது ஏறி இறங்கும் குழலில் (கைடில்) ஒட்டுகிறது. முதலில் வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளியைப் பாருங்கள், இறுக்கமாக இருந்தாலே இப்படிக் காட்டும். அது சரியென்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு, பார்த்து எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடித்த பிறகு ஹெட்டைத் தொடுங்கள். அளக்காமல் கழற்றாதீர்கள்.

வேக்குவம் கேஜ் காட்ட வேண்டிய அளவில் ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு அங்குலம் கழிக்கச் சொல்கிறார்களே, நமக்கு எவ்வளவு? – கும்பகோணம்

ஊட்டியில் ஏழு அங்குலம் கழிப்பார்கள். டெல்டாவில் கழிக்க ஒன்றுமில்லை.

டிராக்டர் புகை அடிக்கிறது. என்ன செய்யலாம்? – ஊர் பெயர் இல்லை

என்ன வண்டி, புகை என்ன நிறம், ஸ்டார்ட் செய்தவுடனா, லோடிலா, கடைசியாக ஏர் கிளீனரை எப்போது கழுவினீர்கள்? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் பதில் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? மறுபடி எழுதுங்கள்.

கரும்புகை என்று பட்டறைக்கு விட்டேன். லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றியாயிற்று. கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுச் சேற்றில் இறக்கினால் இன்னும் அதே புகை. – பாபநாசம் வாசகர்

வருஷா வருஷம் இந்தக் கடிதம் வருகிறது. படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கரும்புகை என்றால் உள்ளே போன டீசலுக்குக் காற்று போதவில்லை, அல்லது நாசில் டீசலைச் சரியாகத் தூவவில்லை. இரண்டையும் பார்க்காமல் இன்ஜினைப் பிரிப்பது விவசாயியின் காசை வாய்க்காலில் விடுவதுதான்.

அறுவடையில் வைக்கோல் தூசியும் பதரும் ப்ரீ-கிளீனர் வலையில் அப்பிக்கொள்ளும். ஏர் கிளீனரின் அடியில் எண்ணெய் நிற்கும் ஆயில் பாத் கிண்ணத்தைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். அடியில் களிம்பு மாதிரி வண்டல் ஒட்டினால் அதுதான் உங்கள் கரும்புகை. கிண்ணத்தையும் கம்பி வலையையும் டீசலில் அலசிக் காயவிட்டு, கோடு வரை மட்டும் புது எண்ணெய் ஊற்றுங்கள். கோட்டைத் தாண்டி ஊற்றினால் இன்ஜின் அந்த எண்ணெயையும் சேர்த்து இழுக்கும்.

அப்புறம் அளக்க வேண்டும். மேஸ்திரி மட்டம் பார்க்கும், கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூப் பதினைந்து அடி போதும். அதை U போல மடக்கி, கால் ஒவ்வொன்றும் நாலு அடி வருகிற மாதிரி பலகையில் கட்டி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஏர் கிளீனருக்கும் மேனிபோல்டுக்கும் நடுவில் உள்ள பைப்பில் செருகுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். டியூபைச் செருகும் நிப்பிளுக்குத் துளை போடுவதென்றால் பைப்பைக் கழற்றித்தான் போட வேண்டும். இரும்புச் சீவல் ஒன்று உள்ளே போனாலும் இன்ஜின் கதை முடிந்தது. ஆக்சிலரேட்டரை மெதுவாக முழு வேகத்துக்கு ஏற்றி, இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டேப்பில் அளந்து பாருங்கள். சுத்தமான ஆயில் பாத் பெரும்பாலும் பத்து அங்குலத்தை ஒட்டி நிற்கும். இருபதைத் தாண்டினால் கழுவுங்கள். இருபத்தைந்தில் வண்டியை ஓட்டவே வேண்டாம். உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி.

அளவு மிகக் குறைவாக இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். கிளீனருக்கு அடுத்த ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலும் அப்படித்தான் காட்டும். அந்த ஹோஸில் சைக்கிள் டியூபைச் சுற்றி ஓட்டுகிறவர்களுக்கு எத்தனை தடவை சொல்வது! கிளீனருக்குப் பிறகு ஓட்டை என்றால் தூசி வடிகட்டாமல் நேராக ரிங்குக்குப் போகிறது. நீங்கள் மாற்றிய புது லைனரும் இரண்டு போகத்தில் தேயும். முதலில் ஹோஸை மாற்றுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் புகை நிற்காவிட்டால் நாசிலை டெஸ்ட் பெஞ்சில் போடுங்கள்.

பழைய ஃபோர்ட்சன் டெக்ஸ்டா. ஐட்லிங் கூடிக் குறைகிறது. சில நேரம் தானாகவே ரேஸ் ஆகிறது. – திருத்துறைப்பூண்டி

முதல் பதிலுக்கு இது விதிவிலக்கு. இந்த வண்டியில் காற்றிழுவையால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நியூமேட்டிக் கவர்னர் இருக்கிறது. மேனிபோல்டு வாயில் ஒரு தட்டும் உண்டு. அங்கே பிறக்கும் வேக்குவம் பைப் வழியாக டீசல் பம்பின் பின்னால் உள்ள டயாபிரத்தை (தோல் சவ்வை) இழுத்து டீசலைக் குறைக்கிறது. பைப் விட்டாலோ டயாபிரம் கிழிந்தாலோ ஸ்பிரிங் முழு டீசலுக்குத் தள்ளிவிடும்.

இன்ஜினை நிறுத்திவிட்டு, பம்ப் பக்கம் பைப்பைக் கழற்றுங்கள். ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்து, அந்த வாயை விரலால் இறுக மூடி, லீவரை விடுங்கள். லீவர் கொஞ்சம் நகர்ந்து நின்று மெல்ல ஊர்ந்து திரும்பினால் டயாபிரம் நன்று. படக்கென்று திரும்பினால் கிழிந்திருக்கிறது, அல்லது தோல் காய்ந்துவிட்டது. சரிசெய்து ஸ்டார்ட் போடும்போது பக்கத்தில் ஒரு பலகை இருக்கட்டும். ரேஸ் ஆனால் காற்று வாயைப் பலகையால் அடையுங்கள், கையால் அல்ல.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வருகிறது. ரிங் போய்விட்டதா? – ஒரத்தநாடு

லேசான ஆவி எல்லா இன்ஜினிலும் வரும். குபுகுபுவென்று தள்ளினால் ஐட்லிங்கில் விட்டு, நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எந்தச் சிலிண்டரைத் தளர்த்தும்போது புகை குறைகிறதோ அங்கேதான் கோளாறு. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும். துணியைச் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனை எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.