சாலைப் பாதுகாப்புக்கு எங்கே, எவ்வளவு செலவிடுவது என்று அரசுக்குச் சொல்ல இந்தியாவில் சுயேச்சையான அமைப்பு ஏதாவது இருக்கிறதா?

தேசியச் சாலைப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பணத்தின் மேல் அதற்குப் பிடி கிடையாது.

நான் பொறியாளன் அல்லன். சாலை ஒப்பந்ததாரர் ஒருவரிடம் பதினோரு ஆண்டுகள் பில் எழுதியவன். சாலையில் வெள்ளைக் கோடு போடும்போது, பெயிண்ட் இறுகுவதற்குள் அதன் மேல் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளைத் தூவ வேண்டும். இரவில் வண்டி விளக்கு பட்டதும் கோடு பளிச்சிடுவது அதனால்தான். அளவெடுக்க வருபவரோ பகலில் வருவார். பகலில் மணி தூவிய கோடும் தூவாத கோடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாளி எதில் மிச்சம் பிடித்தார் என்று விளக்க வேண்டியதில்லை. முழு அளவு என்று பில்லில் எழுதியது நான்தான்.

அதனால் இத்தனை கோடி ஒதுக்கீடு என்ற செய்தியைப் படித்தால், இதைக் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

உண்மையில் கேள்வி கேட்டது நீதிமன்றம் அமைத்த குழு. கோவை எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2014-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் உச்ச நீதிமன்றம் அதை அமைத்தது. அபராத வசூலில் ஒரு பங்கை எடுத்து, காலாவதியாகாத சாலைப் பாதுகாப்பு நிதி ஏற்படுத்துங்கள் என்று அது மாநிலங்களை நெருக்கியது. 'காலாவதியாகாத' என்ற சொல்லின் அருமை கணக்கு எழுதியவனுக்குத் தெரியும். மார்ச் கடைசியில் பணம் திரும்பிப் போய்விடுமே என்ற பதற்றத்தில், வேண்டாத இடத்திலெல்லாம் பேரிகேட் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். குழுவின் பேச்சு எடுபட்டதற்குக் காரணம், பின்னால் உச்ச நீதிமன்றம் நின்றதுதான்.

சட்டப்படியான வாரியத்தின் கதை வேறு. இப்படி ஒன்று வேண்டும் என்று, சாலைப் பாதுகாப்பு பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த சுந்தர் குழு 2007-லேயே பரிந்துரைத்தது. 2010-இல் வந்த மசோதா நிறைவேறவில்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 215பி பிரிவில் தேசியச் சாலைப் பாதுகாப்பு வாரியம் இடம்பெற்றது. 2021-இல் விதிகளும் வந்தன. 2025 வரை வாரியம்தான் செயலுக்கு வரவில்லை. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆறு மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் வாரியம் ஆலோசனை மட்டுமே கூறலாம். அதை அமைப்பதும் மத்திய அரசே. ஆலோசனையைத் தள்ளினால் ஏன் தள்ளினோம் என்று எழுத்தில் வெளியிட வேண்டும் என ஒரு வரி இருந்தால் போதும், எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடம் 'கரும்புள்ளி', அதாவது விபத்து மிகுந்த இடம் என்று அரசுக் கணக்கில் ஏற, சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள் அல்லது பத்துச் சாவுகள் வேண்டும். எங்கள் ஊர் விலக்கில் இதுவரை நான்கு விபத்துகள். இப்போதைக்கு டீக்கடைக்காரர் பழைய தார் டிரம் ஒன்றுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, திருப்பத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்.