ராட்சத ரோபோ ஆட்டத்தை ஆன்லைனில் சோதிப்பது எப்படி?

கேள்வி: ராட்சத ரோபோக்கள் மோதிக்கொள்ளும் போர்டு கேம் ஒன்றை நானும் நண்பரும் உருவாக்கிவருகிறோம். அறுகோணக் கட்டப் பலகை. ஒவ்வொரு ரோபோவுக்கும் கவசமும் வெப்பமும் குறிக்க ஓர் அட்டை. ஆடிப் பார்க்கக்கூடியவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். எந்தத் தளத்தில் ஏற்றலாம்? புரோகிராமிங் தெரிய வேண்டுமா?

பதில்: புரோகிராமிங் இப்போதைக்கு வேண்டாம். தெரிந்திருந்தாலும் கை வைக்காதீர்கள்.

போர்டு கேம் அரேனா என்ற தளத்தில் விதிகளை புரோகிராமே அமல்படுத்தும். அதற்கு பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராமிங் மொழிகளில் எழுத வேண்டும். விதிகள் முடிவான ஆட்டத்துக்கு அது அருமை. வாராவாரம் விதி மாறும் ஆட்டத்துக்கு வீண் வேலை. உங்களுக்கு வேண்டியது விதி எதையும் தானாக அமல்படுத்தாத, திரையில் தெரியும் வெறும் மேசை. டேபிள்டாப் சிமுலேட்டர், டேபிள்டோப்பியா இரண்டும் அப்படித்தான். முன்னதை ஆடுகிற ஒவ்வொருவரும் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். பின்னது பிரவுசரிலேயே ஓடும். நிலையான நாலைந்து பேர் என்றால் சிமுலேட்டர். புதிது புதிதாக ஆள் சேர்ப்பதென்றால் டேபிள்டோப்பியா.

சிமுலேட்டரில் அறுகோண கிரிட்டைப் போட்டதும், காய் திரும்பும் கோணத்தை 60 டிகிரிக்கு மாற்றுங்கள். வழக்கமாக 15 டிகிரியில் இருக்கும். அப்படியே விட்டால் ரோபோ எந்தப் பக்கத்தைப் பார்க்கிறது என்பதிலேயே சண்டை வரும். பலகையை எல் விசையால் பூட்டுங்கள், இல்லையென்றால் யாராவது இழுத்து எல்லாக் காய்களையும் கவிழ்த்துவிடுவார்கள். முப்பரிமாண மாடலுக்கு மெனக்கெட வேண்டாம். நிற்கும் படக் காய் போதும். முன்பக்கத்துக்கு ஒரு படம், முதுகுக்கு வேறொரு படம் கொடுத்தால் திசை பளிச்சென்று தெரியும்.

இனி வெப்பத்துக்கு வருவோம். 1984 முதல் ஓடுகிற ராட்சத ரோபோ போர்டு கேமான பேட்டில்டெக்கிலும் சுட்டால், ஓடினால் சூடு ஏறும். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டிக் கழிக்க வேண்டும். சிமுலேட்டரில் லுவா என்ற புரோகிராமிங் மொழியில் நாலு வரி எழுதினால் இந்தக் கணக்கு தானாக நடக்கும். ஆட்டமும் வேகமாக, சுவையாகத் தெரியும். ஆனால் நாளை அச்சிட்ட பெட்டியை வாங்குபவர் அதையெல்லாம் பென்சிலால் போட வேண்டுமே! அதனால் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள். எங்கே மறக்கிறார்கள், எந்த எண்ணில் தயங்குகிறார்கள் என்று பாருங்கள். சோதனை ஆட்டத்தில் கிடைக்கும் உண்மையான சரக்கு அதுதான். எல்லாரும் ஒரே இடத்தில் தடுமாறினால் புரோகிராம் எழுதாதீர்கள், விதியை வெட்டுங்கள்.

இதற்கு நேர்மாறாக, ஆன்லைன் மேசை ஆட்டத்தை உள்ளதைவிட மெதுவாகக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு. மவுஸால் சின்ன வில்லைகளை நகர்த்துவது கையால் நகர்த்துவதைவிட மெதுவானது. ஆன்லைனில் ஆட்டம் இழுக்கிறது என்றதும் விதியைக் குறை சொல்லிவிட முடியாது. அதே மோதலைக் காகிதத்தில், வீட்டில் இருப்பவரோடு ஒருமுறை ஆடி நேரத்தை ஒப்பிடுங்கள்.

அப்புறம் படங்கள். சோதனைக்குத்தானே என்று அனிமே ரோபோக்களை எடுத்து ஒட்டாதீர்கள். பேட்டில்டெக் முதலில் பேட்டில்டிராய்ட்ஸ் என்ற பெயரில்தான் வந்தது. டிராய்டு என்ற சொல்லுக்கு ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் உரிமை கோரியதால் பெயர் மாறியது. ஜப்பானிய அனிமேக்களிலிருந்து வந்த ரோபோ வடிவங்களால் பிறகு வழக்கே நடந்து, அவற்றைக் கைவிட வேண்டியதாயிற்று. சாம்பல் நிற நிழலுருவம் போதும். ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் (ஆடுபவர்கள் தங்கள் ஆக்கங்களைப் பகிரும் இடம்) ஏற்றும்போது நண்பர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்து, விதி மாறும் ஒவ்வொரு முறையும் தேதியோடு தனியாகச் சேமித்துவிடுங்கள். பழைய வடிவம்தான் நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால் திறந்து ஆடிப் பார்க்கலாம்.