ஹாபிட்டனும் கப்பல் கடிகாரமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிப்ரவரியில் குடும்பத்தோடு நியூசிலாந்துக்குக் கப்பல் பயணம் போகிறோம். மகனுக்கு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ பைத்தியம். அந்தப் படத்தில் ஹாபிட் என்ற குட்டை மனிதர்கள் வாழும் ஊருக்காகப் போட்ட ஹாபிட்டன் செட்டைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்கிறான். ஆக்லாந்திலிருந்தும் டௌரங்காவிலிருந்தும் கப்பல்காரர்களே கூட்டிப்போகிறார்கள். டௌரங்காவில் காலை 8 மணிக்கு வந்து மாலை 5.30க்குக் கிளம்புகிறோம். எங்கிருந்து போவது நல்லது? கப்பலில் விலை அதிகம், நாங்களே டாக்ஸி பிடித்துப் போனால் என்ன? அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. ‘அது வெறும் செட், கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை’ என்று நண்பர் வேறு சொல்கிறார்.

எஸ்., சிங்கப்பூர்

அன்புள்ள எஸ்.,

டௌரங்காவிலிருந்தே போங்கள். ஹாபிட்டன் இருப்பது மாட்டமாட்டா ஊருக்கு வெளியே, ஆடும் மாடும் மேயும் ஒரு பண்ணைக்குள். உங்கள் கப்பல் நிற்கும் மவுண்ட் மாங்கனூயி துறையிலிருந்து பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். ஆக்லாந்திலிருந்து இரண்டு மணி நேரம், மாலை நெரிசலில் நகருக்குள் திரும்பினால் அதற்கும் மேல். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன ரோட்டோருவா ஊரையும் ஹாபிட்டனையும் ஒரே நாளில் சேர்த்து விற்பார்கள், அதை எடுக்காதீர்கள். டௌரங்கா, மாட்டமாட்டா, ரோட்டோருவா மூன்றுக்கும் இடையே ஏறத்தாழ ஒவ்வொரு மணி நேரப் பயணம். பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

இனி நேரக் கணக்கு. 8 மணி என்பது கப்பல் துறைக்கு வரும் நேரம். கயிறு கட்டி, படி இறக்கி, அனுமதி வந்து நீங்கள் தரையில் கால்வைக்க 8.30 ஆகிவிடும். 5.30க்குக் கிளம்புகிற கப்பலில் 5 மணிக்குள், சில கப்பல்களில் 4.30க்குள், ஏறியாக வேண்டும். கையில் எட்டு மணி நேரம். போக ஒன்று, வர ஒன்று, சுற்றிப்பார்க்க இரண்டரை, பஸ் மாறுவது, கழிப்பறை, கடை எல்லாவற்றுக்கும் ஒன்று. மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். தனியாகப் போகிறவர் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டியது இந்த மிச்சத்தைத்தான்.

அதைத் தின்னக்கூடியவை இரண்டு. டௌரங்கா துறைமுக வாய் குறுகல், நீரோட்டம் வேகம். பெரிய கப்பல்களைக் கடலின் ஏற்ற இறக்கம் பார்த்தே உள்ளே கொண்டுவருவார்கள், காலையில் தாமதமாகலாம். ஹாபிட்டன் டிக்கெட்டோ குறித்த நேரத்துக்கு உரியது. இன்னொன்று போகும் வழியிலுள்ள கைமாய் மலைப்பாதை. விபத்து நடந்து அது அடைபட்டால் சுற்றுவழி வெகு நீளம். அதனால் 10.30 அல்லது 11 மணி டிக்கெட் எடுங்கள். 9.30 டிக்கெட் என்றால் காலையில் அதைத் தவறவிடும் ஆபத்து, 12.30 என்றால் மாலையில் கப்பலைத் தவறவிடும் ஆபத்து.

கப்பல்காரர்களின் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். துறைக்கே வராமல் போனால் பணம் திரும்ப வரும். அந்தக் கூடுதல் விலை இந்தக் காப்புக்குத்தான். உங்களுக்கு நேரம் தாராளமாக இருப்பதால், துறை வாசலிலிருந்தே ஏற்றிப்போய் நுழைவுச் சீட்டும் சேர்த்துத் தரும் உள்ளூர் வேன் போதும். ‘கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்’ என்று எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கப்பல் நிற்பது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு என்றால் நான் கப்பல் பஸ்ஸைத்தான் சொல்வேன். டாக்ஸி என்றால் போகவர ஒரே வண்டியாகப் பேசிக்கொள்ளுங்கள். பண்ணை நடுவில் நின்று திரும்பிவரும் வண்டியைத் தேடக் கூடாது. எதுவானாலும் இப்போதே பதிவு செய்யுங்கள், கப்பல் வரும் நாட்களில் சீட்டு சீக்கிரம் தீர்ந்துபோகும்.

கப்பலிலிருந்து பழம், முறுக்கு, சாண்ட்விச் எதையும் கைப்பையில் போட்டு இறங்காதீர்கள். காலை உணவு மேஜையிலிருந்து எடுத்துவைத்த ஒரு ஆப்பிளுக்கு 400 நியூசிலாந்து டாலர் அபராதம் கட்ட நேரிடலாம். பூச்சியும் விதையும் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் அவ்வளவு கறார். செருப்பு அடியில் மண் ஒட்டியிருந்தால் முதல் நாளே கழுவிவிடுங்கள்.

அம்மா விஷயம். செட்டு வாசல்வரை பஸ் போகும், உள்ளே முழுக்க நடைதான். சரளைக்கல் பாதை, ஏற்ற இறக்கம். வழிகாட்டியின் வேகத்துக்குக் கூட்டத்தோடு நகர வேண்டும். இரண்டு மாடிப் படியை நிற்காமல் ஏறக்கூடியவர் என்றால் கூட்டிப்போங்கள். மலைப்பாதை வளைவுகளில் குமட்டும், முன் இருக்கை கேளுங்கள். முடியாது என்றால் துணைக்கு ஒருவரோடு துறைக்குப் பக்கத்திலேயே பைலட் பே கரையோரம் நடக்கலாம், சமதளம்.

நண்பர் சொன்னது பாதி உண்மை. 1998இல் படத்தின் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவினர் வானிலிருந்து தேடி இந்தப் பண்ணையைக் கண்டார்கள். மறுவருடம் நியூசிலாந்து ராணுவம் வந்து ஒன்றரைக் கிலோமீட்டர் சாலை போட்டது. அப்போது கட்டிய 39 வீடுகளும் மரப்பலகை, ஒட்டுப்பலகை, தெர்மோகோல் முகப்புகள்தான். ‘ஹாபிட்’ படங்களுக்காகத் திரும்பி வந்தபோது நிலைத்து நிற்கும் பொருட்களால் கட்டினார்கள். இப்போது 44 வீடுகள். உள்காட்சிகள் வெலிங்டன் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டவை என்பதால் கதவுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் வெற்றிடமே. ஆனால் 2023 டிசம்பரில் பேக்‌ஷாட் ரோ பகுதியில் உள்ளறைகளைத் திறந்துவிட்டார்கள். படுக்கை, சமையலறை, சாமான் அறை எல்லாம் உண்டு. தொட்டுப் பார்க்கலாம். உங்கள் நண்பர் அதற்கு முன்னால் போயிருப்பார்.

மகனிடம் இரண்டு சொல்லிவையுங்கள். கதவுகளின் அளவு வீட்டுக்கு வீடு மாறும். சின்னக் கதவின் முன் நின்றவர் மந்திரவாதியாக உயர்ந்தார், பெரிய கதவின் முன் நின்றவர் ஹாபிட்டாகக் குறைந்தார். பில்போ என்ற ஹாபிட்டின் பேக் எண்ட் வீட்டின் உச்சியில் நிற்கும் ஓக் மரம் முழுக்கப் பொய், எஃகும் சிலிக்கோனும். இலைகள் தைவானிலிருந்து வந்தவை. வெயிலில் நிறம் மாறிவிட்டதால் படப்பிடிப்புக்கு முன் அவற்றுக்கு மறுபடி சாயம் பூச வேண்டியதாயிற்று. ஏரிக்கரையில் பெரிதாக நிற்கும் பைனோ அசல் மரம்.

ஆளில்லாத படம் வேண்டுமென்றால் வரிசையின் கடைசியில் நில்லுங்கள். முன்குழு நகர்ந்து பின்குழு வருவதற்குள் அரை நிமிடம் கிடைக்கும். மழை பெய்தால் குடை அங்கேயே தருவார்கள். கடைசியில் க்ரீன் டிராகன் விடுதியில் ஒரு கோப்பை பானம் டிக்கெட்டிலேயே அடக்கம். பையனுக்கு ஜிஞ்சர் பீர் கேளுங்கள், பெயரில்தான் பீர், மது கிடையாது. உட்காருவதற்கு முன் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.