உறுப்பு மாற்று நோயெதிர்ப்பியலில் ஆராய்ச்சி செய்ய எம்பிபிஎஸ் படித்திருக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் தர்மபுரியில் எம்எஸ்சி உயிரித்தொழில்நுட்பம் முடித்திருக்கிறார். சிறுநீரக மாற்று, திசுப் பொருத்தம் தொடர்பான ஆராய்ச்சிக்குப் போக ஆசை. அது டாக்டர்களுக்கான துறை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். "லேபில் ரத்தம் பார்க்கிற வேலைக்கா இத்தனை படிப்பு?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

எம்பிபிஎஸ் வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீக்காயம் பட்டவர்களுக்கு ஒட்டிய பிறருடைய தோல் ஏன் நிலைக்காமல் உதிர்ந்துவிடுகிறது என்று ஆராயத் தொடங்கி, 1960-ல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார் விலங்கியல் படித்தவர். எலிகளை வைத்துத் திசுப் பொருத்த மரபணுக்களைக் கண்டறிந்து 1980-ல் அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜார்ஜ் ஸ்னெல் மரபியலாளர். உலகம் முழுவதும் பயன்பட்ட பொருத்தப் பரிசோதனையை உருவாக்கிய பால் தெராசாகி 1956-ல் முனைவர் பட்டம் வாங்கியதும் விலங்கியலில்தான். ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகப் போர்க் காலத்தில் குடும்பத்தோடு அரிசோனா முகாமில் அடைத்து வைக்கப்பட்ட அமெரிக்கச் சிறுவன் அவர். மருந்து எழுதும் உரிமை நமக்கு இல்லை. அறுவை சிகிச்சை செய்யலாமா என்ற கடைசி முடிவும் டாக்டருடையது. ஆனால் அந்த முடிவு எதை நம்பி எடுக்கப்படுகிறதோ அந்த அறிக்கை நம் மேசையிலிருந்து போகிறது.

எனக்குச் சொந்த ஊர் அரூர். நானும் விலங்கியலில் தொடங்கியவள்தான். இப்போது தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையின் திசுப் பொருத்த ஆய்வகத்தில் இருக்கிறேன்.

இனி வீட்டார் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், லேபில் ரத்தம் பார்க்கிற வேலைதான். கிராஸ்மேட்ச் என்று நாங்கள் அன்றாடம் சொல்லும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் தருபவரின் ரத்தத்திலிருந்து நிணவணுக்களை (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) பிரித்தெடுக்கிறோம். உள்ளங்கை அளவுத் தட்டில் அறுபதோ எழுபத்திரண்டோ சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் ஆவியாகாமல் இருக்க ஒரு சொட்டு எண்ணெய், அதற்கடியில் பெறுபவரின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஒரு மைக்ரோலிட்டர், தருபவரின் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர். சற்று நேரம் கழித்து முயல் ரத்தத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதியைச் சேர்க்கிறோம். பெறுபவரின் உடலில் தருபவருக்கு எதிரான ஆன்டிபாடி ஏற்கெனவே இருந்தால், காம்ப்ளிமென்ட் அந்த அணுக்களைத் துளைத்துக் கொன்றுவிடும். பிறகு சாயம். நுண்ணோக்கியில் உயிருள்ள அணு சிறியதாக, பளிச்சென்று தெரியும். செத்தது உப்பிப்போய்ச் சாயம் ஏறிக் கறுத்துக் கிடக்கும். குழி குழியாகப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். கண் எரியும் வேலை.

தெராசாகி 1964-ல் வெளியிட்ட முறை இது. ஒரு மைக்ரோலிட்டரில் சோதனையை முடித்ததுதான் அவருடைய சாமர்த்தியம். கிடைப்பதற்கரிய சீரத்தைச் சொட்டுச் சொட்டாக உலக ஆய்வகங்களெல்லாம் பகிர்ந்துகொள்ள முடிந்தது. 1969-ல் அவரும் பட்டேல் என்ற ஆய்வாளரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக, அதாவது அணுக்கள் செத்துப்போவதாக இருந்தும் சிறுநீரகம் பொருத்தப்பட்ட 30 பேரில் 24 பேருக்கு அது உடனே செயலிழந்தது. நெகட்டிவாக இருந்த 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்கு மட்டுமே. அதற்குப் பிறகு இந்தச் சோதனை இல்லாமல் சிறுநீரகம் பொருத்துவது என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. அன்றாடச் சோதனை முடிவுகளை ஒருவர் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்ததால் பிறந்த ஆராய்ச்சி அது. வழக்கமான வேலை வேறு, ஆராய்ச்சி வேறு என்று பிரித்துப் பார்ப்பவர்கள் இந்தத் துறையில் தேறுவதில்லை என்பது என் கருத்து.

நம் பக்கத்துக் குடும்பங்களிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். திசுப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் எச்எல்ஏ மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரே தொகுதியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி. ஆகவே பெற்றோரும் பிள்ளையும் பாதி பொருந்துவார்கள். உடன்பிறந்தவர்கள் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பாடநூல் இவ்வளவுதான் சொல்லும். பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா மகனுக்குச் சிறுநீரகம் தர முன்வந்தார். தாய், மகன் இரண்டு அறிக்கைகளும் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருந்தன. எந்த ஆய்வகத்திலும் முதல் சந்தேகம் ரத்தக் குழாய் மாறிவிட்டதோ என்பதுதான். புதிதாக ரத்தம் எடுத்தோம். அதே முடிவு. "அம்மா, நீங்கள் சொந்தத்தில் கட்டினீர்களா?" என்று கேட்டேன். "என் தாய்மாமனைத்தான் கண்ணு" என்றார்.

கணக்கு விளங்கிவிட்டது. அவருடைய தாயும் கணவரும் அக்காள் தம்பி. அந்த இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரு தொகுதி, ஒரு பக்கம் தாய் வழியாக இந்த அம்மாவுக்கு வந்திருக்கிறது. இன்னொரு பக்கம் கணவரிடம் இருந்திருக்கிறது. மகன் அந்தத் தொகுதியை அப்பாவிடமிருந்தும், மற்றதை அம்மாவிடமிருந்தும் பெற்றதால் அம்மாவின் அச்சாகவே அமைந்துவிட்டான். சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வளர்ந்த நமக்கு வம்ச வரைபடம் போடக் கற்றுத்தர வேண்டியதில்லை. யார் யாருக்கு என்ன முறை என்று பத்து வயதிலேயே தெரியும். எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு உடன்பிறந்தவர் பொருந்தாதபோது, சித்தப்பா, அத்தை பிள்ளைகள் வரை தேடுவது இத்தகைய குடும்பங்களில் வீண் போகாது. (இதைப் படித்துவிட்டுச் சொந்தத்தில் கட்டுவது நல்லது என்று யாரும் கிளம்ப வேண்டாம். மரபுவழி நோய்கள் பிள்ளைகளிடம் வெளிப்படும் வாய்ப்பும் அதே காரணத்தால் கூடுகிறது. சிறுநீரக நோயே மரபுவழி வந்ததாக இருந்தால், பொருத்தமாக அமைந்த உறவினருக்கும் அது இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.)

இன்னொன்று, கணவன் மனைவி விவகாரம். கருவிலிருக்கும் குழந்தையின் அணுக்கள் சிறிதளவு தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றில் பாதி கணவனின் அடையாளங்கள். அதற்கு எதிராகத் தாயின் உடலில் ஆன்டிபாடி உருவாகலாம் என்பதை 1958-ல் நெதர்லாந்தில் வான் ரூட்டும், அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் தனித்தனியே கண்டறிந்தார்கள். குழந்தைக்குப் பொதுவாக அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணுக்குக் கணவரின் சிறுநீரகம் தேவைப்பட்டால், கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக வந்து கதவை அடைத்துவிடக்கூடும். மனைவி கணவனுக்குத் தருவதில் இந்தச் சிக்கல் இல்லை. நம் நாட்டில் உயிருடன் இருந்து தானம் செய்பவர்களில் பெண்களே அதிகம். உயிரியல் பேசுவதற்கு முன்பே வீடு பேசி முடித்துவிடுகிறது என்று நான் எரிச்சலோடு நினைப்பதுண்டு. மனைவிக்காகத் தானே முன்வந்து நிற்கும் அபூர்வமான கணவரிடம் "உங்களுடையது ஒத்துவராது" என்று சொல்ல நேர்வது இந்த வேலையின் மோசமான பகுதி. இரண்டு குடும்பங்கள் தானம் தருபவர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை 2011-ல் திருத்தப்பட்ட உறுப்பு மாற்றுச் சட்டம் அனுமதிக்கிறது என்பது ஆறுதல்.

இரவு வேலையையும் சொல்லியாக வேண்டும். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்துவிட்டால் எங்களுக்கு நேரம் காலம் கிடையாது. தமிழ்நாட்டில் இத்திட்டம் 2008 முதல் நடக்கிறது. தொப்பூர் கணவாயில் விபத்து என்று செய்தி வந்தால் ஊர்க்காரர்களுக்கு யார் எவர் என்று பதறும்; எனக்கு அதோடு சேர்த்துக் கைப்பேசியும் நினைவுக்கு வரும்.

படிப்பு வழி சுருக்கமாக. சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. வீட்டில் பேச இந்தத் தொகை ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். இத்துறையில் நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை: டெல்லி எய்ம்ஸில் மெஹ்ரா, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய மக்களின் எச்எல்ஏ வகைகளை ஆராய்ந்த பிச்சப்பன். அவர்கள் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். புள்ளியியலை ஒதுக்காதீர்கள். பதிவான எச்எல்ஏ வகைகள் 40,000-ஐத் தாண்டிவிட்டன. மரபணு வரிசையைக் கணினியில் அலசத் தெரியாதவருக்கு இனி இங்கே இடம் குறைவு. பணியிடங்களும் குறைவுதான், அதை மறைக்கவில்லை. பெரிய மருத்துவமனைகள் இருக்கும் ஊர்களுக்குப் போயாக வேண்டும். தர்மபுரியிலிருந்தபடியே செய்யலாம் என்று எண்ண வேண்டாம்.

முனைவர் பட்டத்துக்கு ஆய்வகம் தேடும்போது கருவிகளைப் பார்த்து மயங்காதீர்கள். நோயாளிகளின் பழைய சீரத்தை மைனஸ் 80 டிகிரியில் எத்தனை ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருக்கிறார்கள், சிறுநீரகம் பொருத்திய பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்ற பதிவேடு அதனுடன் இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இருந்தால் கருவி பழையதாக இருந்தாலும் சேர்ந்துவிடுங்கள்.